ரோஜா மீனும் ஜாடியில் இருந்த குஞ்சும்



ஒரு மீன். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். மாலத்தீவுக் கடலில் 40 மீட்டருக்குக் கீழே, பவளப்பாறைச் சரிவுகளில் கூட்டமாய்த் திரியும். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, அடர்சிவப்பு எல்லாத்தையும் குழைத்துப் பூசின மாதிரி உடம்பு. அதைப் பிடித்து பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றி அயல்நாட்டு மீன்தொட்டிக்காரர்களுக்கு விற்றார்கள். வாங்கினவர்கள் படம் எடுத்தார்கள், பெருமைப்பட்டார்கள். விலைப்பட்டியலில் அதுக்கு ஒரு லத்தீன் பெயரும் இருந்தது.

பிரச்சினை என்னன்னா, அந்தப் பெயர் அந்த மீனுடையது இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, வேற ஒரு தீவுக்கூட்டத்தில் பிடிபட்ட வேற ஒரு மீனுடையது. இது தெரிய சுமார் முப்பது வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திடறேன். இவை 'ஃபேரி ராஸ்' என்கிற வகை. தேவதை மீன் என்று வேணும்னா வைத்துக்கொள்ளலாம். இனப்பெயர் சிரிலாப்ரஸ். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் 60க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கு. நம்ம ஊர் மீன்பிடிக்காரர்கள் தினம் பார்க்கிற கிளிமீனுக்கு தூரத்துச் சொந்தம். ஆனா இதைப் பிடித்துக் குழம்பு வைக்க முடியாது, அவ்வளவு சின்னது. மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்று வாழும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலும் முதலில் பெண்ணாகத்தான் வளரும். கூட்டத்தில் இருக்கிற ஆண் போயிட்டா, பெண்களில் ஒண்ணு ஆணாக மாறிடும். மாறும்போது நிறம், துடுப்பு எல்லாம் மாறும். குஞ்சு ஒரு நிறம், பெண் ஒரு நிறம், ஆண் ஒரு நிறம். அந்த ஆணும் பெண்ணைக் கவர ஆட்டம் போடும்போது இன்னொரு நிறம்!

இப்ப நீங்களே சொல்லுங்க. இதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

பழைய ஆட்கள் இதில் நல்லா அடி வாங்கியிருக்கிறார்கள். கிளிமீன்களையே எடுத்துக்கோங்க. இதே ஆண்-பெண் நிற வித்தியாசத்தால அந்தக் குடும்பத்துக்கு 350க்கும் மேல அறிவியல் பெயர்கள் குவிந்தன. எண்ணிப் பார்த்தா நிஜமான வகைகள் நூறுகூடத் தேறாது. புருஷனுக்கு ஒரு பெயர், பொண்டாட்டிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போனதுதான் காரணம்.

இன்னொரு உதாரணம். பெர்லின்ல மார்கஸ் ப்ளாக் என்று ஒரு டாக்டர் இருந்தார் (1723-1799). ஐம்பது வயசைத் தாண்டித்தான் மீன் ஆராய்ச்சியில் முழுசா இறங்கினார், ஆனா இறங்கின பிறகு உலகத்து மீன்களை எல்லாம் வண்ணப்படத்தோட பன்னிரண்டு தொகுதிகளாகப் போட்டுட்டார். அவர் 1787ல் ஒரு பெரிய அழகான மீனுக்குப் 'பேரரசன்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள் ஓடும் மீன் அது. அவர் இறந்த பிறகு 1801ல் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட புத்தகத்தில் 'நிகோபாரியென்சிஸ்' என்று நிகோபார் பெயரில் இன்னொரு மீன் வருது. கருநீல உடம்பில் வட்டம் வட்டமாய் வெள்ளைக் கோடுகள். பிற்காலத்தில் பார்த்தா, அந்த நிகோபார் மீன்தான் பேரரசனின் குழந்தை! அப்பனும் பிள்ளையும் ஒரே புத்தகத்தில் ரெண்டு வேற சாதியாக நின்றிருக்கிறார்கள்.

ப்ளாக்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கிளைக்கதை. அவருக்கு நம்ம தரங்கம்பாடியிலிருந்து மீன்கள் போயின. அனுப்பியவர் அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்கிற பாதிரியார். நன்றிக்கடனாக ப்ளாக் 1793ல் ஒரு மீன் இனத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். அந்த இனத்தில் ஒரு மீனின் முழுப்பெயர் 'ஜானியஸ் கருட்டா'. இந்தக் 'கருட்டா' என்ன லத்தீனா? இல்லைங்க, நம்ம 'கருத்த'தான். கருத்த கத்தாளை! தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் சொன்ன சொல் பெர்லின் போய், லத்தீன் வேஷம் கட்டி, இன்னைக்கும் உலகம் முழுக்க அறிவியல் பெயராக இருக்கு. பாதிரியார் பெயர் நிலைத்தது, டாக்டர் பெயர் நிலைத்தது. சொன்னவர் பெயர் யாருக்கும் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கதையின் ஆரம்பம் சாகோஸ் தீவுக்கூட்டம். மாலத்தீவுக்குத் தெற்கே நடுக்கடலில் கிடக்கிற பவளத் தீவுகள். டியேகோ கார்சியா என்றால் சிலருக்குப் புரியும், அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற இடம். அந்தத் தளத்துக்காக 1968 முதல் 1973 வரை அங்கே தலைமுறைகளாய் வாழ்ந்த மக்களைப் பிரிட்டிஷ் அரசு கூண்டோடு வெளியேற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டது. தென்னந்தோப்பு வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகள் அவர்கள். இந்தியாவிலிருந்து போன கூலிகளின் ரத்தமும் அதில் கலந்திருக்கு. ஆக, கடலைத் தெரிந்த உள்ளூர் ஆட்களே இல்லாத கடல் அது. யாராவது ஆராய்ச்சிக்குப் போனால்தான் உண்டு.

அந்தக் கடலிலிருந்து கிடைத்த ஒரே ஒரு குஞ்சு மீனை வைத்து, 1983ல் ஜான் ராண்டால், ஆலன் எமரி என்ற ரெண்டு பேர் ஒரு புது வகையை அறிவித்தார்கள். பெயர் சிரிலாப்ரஸ் ருப்ரிஸ்குவாமிஸ். 'சிவப்புச் செதில்காரன்' என்று அர்த்தம்.

ராண்டால் சாதாரண ஆள் இல்லை. ஹவாயில் இருந்துகொண்டு தன் வாழ்நாளில் 800க்கும் மேற்பட்ட புது மீன் வகைகளுக்குப் பெயர் வைத்தவர். 2020ல், தொண்ணூறு வயசு தாண்டித்தான் காலமானார். பவளப்பாறை மீன்களில் அவர் கை படாத குடும்பம் குறைவு. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு குஞ்சை வைத்துப் பெயர் வைக்கலாமா என்று கேட்டா, வைக்கலாம். செதில் எண்ணிக்கை, துடுப்பு முள், நிறம் எல்லாம் வேற எதோடும் பொருந்தலைன்னா பதிவு பண்ணி வைக்கிறதுதான் முறை. வளர்ந்த மீன் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்தா சில மீன்கள் காலத்துக்கும் பதிவாகாமலே போயிடும்.

இங்கே ஒரு விதியைச் சொல்லணும். ஒரு புது வகையை அறிவிக்கும்போது, எந்த உடலைப் பார்த்து அறிவிச்சீங்களோ அதை ஒரு அருங்காட்சியகத்தில் பத்திரமா வைக்கணும். அதுதான் அந்தப் பெயருக்கு மூலம். நிலத்துக்கு மூலப்பத்திரம் மாதிரின்னு வைத்துக்கோங்க. பின்னாடி எந்தத் தகராறு வந்தாலும் அந்த ஜாடியைத் திறந்து பார்த்துத்தான் முடிவு. எந்தப் படம் பிரபலம், கடையில் எது விற்குது, யார் அதிகம் பார்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் செல்லாது. சிவப்புச் செதில்காரன் என்கிற பெயர் யாருக்குச் சொந்தம்? சாகோஸ் குஞ்சுக்கு. அவ்வளவுதான்.

அடுத்த காட்சி 1990கள், மாலத்தீவு. ஆராய்ச்சியாளர்கள் கையில் ஒரு அழகான தேவதை மீன் சிக்குது. இந்த முறை வளர்ந்த மீன்கள். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்துத் தீவுக்கூட்டம், சிவப்பான செதில், அதே இனம். 'ஆஹா, அந்தக் குஞ்சு வளர்ந்தா இப்படித்தான் இருக்கும் போல!' என்று முடிவு கட்டினார்கள். அன்றைக்கு இருந்த ஆதாரத்துக்கு இது நியாயமான முடிவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. சாகோஸின் வளர்ந்த மீனை யாரும் பார்த்ததில்லை. மாலத்தீவில் வளர்ந்தது இருக்கு, சாகோஸில் குழந்தை இருக்கு. ரெண்டையும் சேர்த்துக் குடும்பமாக்கிட்டார்கள். பேரரசன் கதைக்கு நேர் தலைகீழ் பாருங்க. அங்கே ஒண்ணை ரெண்டாக்கினார்கள், இங்கே ரெண்டை ஒண்ணாக்கினார்கள்.

இந்தத் தப்பு ஏன் இவ்வளவு நாள் நீடித்தது? ஒரு காரணம் ஆழம். பொழுதுபோக்குக்காக முக்குளிக்கிறவர்கள் போகிற எல்லை 30, 40 மீட்டர்தான். இந்த மீன் இருப்பது 40லிருந்து 70 மீட்டர் வரை. அதுக்குக் கீழே போகணும்னா வேற கருவி, வேற வாயுக் கலவை, மேலே வர மணிக்கணக்கு. சூரிய வெளிச்சம் மங்கலாய் எட்டுகிற அந்த அரை இருட்டுப் பகுதியை மீன்காரர்களும் சரி, ஆராய்ச்சிக்காரர்களும் சரி ரொம்ப நாள் எட்டிப் பார்க்கலை. மேலே இருக்கிறதைத் தெரிந்துகொள்ளவே நேரம் போதலை.

இன்னொரு காரணம் நிறம். மீன் செத்ததும் நிறம் மங்க ஆரம்பிக்கும். ஃபார்மலின், சாராயம் என்று ஜாடிக்குள் போனால் கொஞ்ச நாளில் வெளிறிப்போயிடும். உயிரோட இருக்கும்போது ரோஜாவா இருந்தது ஜாடியில் ஊறப்போட்ட மாங்காய்த் துண்டு மாதிரி ஆயிடும். தேவதை மீன்களுக்குள் வித்தியாசம் காட்டுவதே பெரும்பாலும் ஆணின் நிறம்தான். அதுவே போயிட்டா, மிச்சம் முள்ளும் செதிலும். உட்கார்ந்து எண்ணணும். அதுக்குப் பொறுமையான ஆள் வேணும்.

அந்த ஆட்களில் ஒருத்தர் யீ-காய் டீ. (ஆமா, டீதான், குடும்பப் பெயரே அப்படி.) சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர், இந்தத் தேவதை மீன்கள்தான் அவருடைய துறை. இவரும் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் லூயிஸ் ரோஷாவும் வேறு சிலரும் சேர்ந்து 2019ல் ஆப்பிரிக்கப் பக்கம், ஸான்ஸிபார் தீவுக் கடலின் ஆழத்திலிருந்து ஒரு புது வகையை அறிவித்தார்கள். அது ஊதா நிறச் செதில் கொண்டது. அந்த ஊதா எவ்வளவு அழுத்தம் என்றால், ஜாடிக்குப் போன பிறகும் போகலை! அதனால் அதற்கு 'வகாண்டா' என்று பெயர் வைத்தார்கள், 2018ல் வந்த 'பிளாக் பாந்தர்' படத்தில் ஆப்பிரிக்காவில் உலகத்துக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிற கற்பனை நாடு. ஆழத்தில் ஒளிந்திருந்த மீனுக்குப் பொருத்தம்தான். ஆனாலும் ஸான்ஸிபார்க்காரர்கள் சொல்லுகிற சுவாஹிலியில் ஒரு நல்ல பெயர் கிடைக்காமலா போயிருக்கும் என்று எனக்கு ஒரு சின்ன நெருடல்.

அந்த டீயும் ரோஷாவும் அடுத்து மாலத்தீவு மீனைக் கையில் எடுத்தார்கள். கூட ஜோசப் ரோலெட். நாலாவதாக, இந்தக் கதையின் முக்கியமான ஆள், மாலத்தீவுக் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அஹ்மத் நஜீப்.

செய்த வேலை கேட்க சாதாரணமா இருக்கும். மாலத்தீவின் வளர்ந்த மீன்களையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். முதுகுத் துடுப்பைத் தாங்குகிற ஒவ்வொரு முள்ளின் உயரத்தையும் அளந்தார்கள். உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் செதில் எத்தனை என்று எண்ணினார்கள். வளர்ந்த ஆணின் நிறத்தைக் குறித்தார்கள். மரபணுவையும் பார்த்தார்கள். எல்லாத்தையும் அந்த சாகோஸ் மூலத்தோட வைத்து ஒப்பிட்டார்கள்.

பொருந்தலை.

மார்ச் 2022ல் 'ஜூகீஸ்' இதழில் முடிவு வந்தது. மாலத்தீவு மீன் ஒரு தனி வகை. சிவப்புச் செதில்காரன் என்கிற பெயர் சாகோஸோட நின்றுவிடும். முப்பது வருஷமா இன்னொருத்தர் பெயரில் படமும் விலையும் ஆகிக்கொண்டிருந்த மாலத்தீவு மீனுக்கு அன்றைக்குத்தான் சொந்தப் பெயர் கிடைத்தது. சிரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா. இதே மீன் இலங்கைக் கடலிலும் இருக்குன்னு அதே கட்டுரையில் பதிவாகியிருக்கு. அதாவது நமக்கும் ரொம்ப தூரத்து ஆள் இல்லை.

ஃபினிஃபென்மா என்றால் திவேஹி மொழியில் ரோஜாப்பூ. இளஞ்சிவப்பு ரோஜா மாலத்தீவின் தேசிய மலர்.

'பேர்தானே மாறியது, மீன் மாறலையே?' என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கு. ரெண்டும் ஒண்ணு என்று நினைத்த வரைக்கும் கணக்கு எப்படி? மாலத்தீவு, இலங்கையிலிருந்து சாகோஸ் வரை ஆயிரம் கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிற ஒரே வகை. ஒரு இடத்தில் பிடித்துத் தீர்ந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். சாகோஸைச் சுற்றி 2010ல் மிகப் பெரிய கடல் பாதுகாப்புப் பகுதி வேற அறிவித்தாச்சு. அப்ப கவலையே இல்லை, இல்லையா? ரெண்டும் வேற வேற என்று ஆன நிமிஷம் கணக்கு கவிழ்ந்தது. ஒவ்வொண்ணும் வாழ்கிற பரப்பு சட்டென்று சுருங்கிப்போச்சு. சாகோஸில் இருக்கிற பாதுகாப்பு மாலத்தீவு மீனுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. வியாபாரத்துக்குப் பிடிபட்டுக்கொண்டிருந்ததோ மாலத்தீவு மீன்!

நல்லவேளை, இது இப்போதைக்கு அழிவின் விளிம்பில் இல்லை, அந்த ஆழத்தில் ஏராளமா இருக்கு என்கிறார்கள். ஆனாலும் ஒரு அறிவியல் பெயர்கூட இல்லாத மீன் ஏற்கனவே சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது மனசை உறுத்துது என்று ரோஷாவே சொல்லியிருக்கிறார். எத்தனை பிடிக்கலாம் என்று சட்டம் போடணும்னா முதலில் எதைப் பிடிக்கிறோம்னு எழுத ஒரு சொல் வேணுமே. தப்பான பெயரில் வைத்த கணக்கு, இன்னொருத்தர் ரேஷன் கார்டில் வாங்கின அரிசி மாதிரி. யாருக்குப் போச்சு, எவ்வளவு மிச்சம், எதுவும் தெரியாது.

இனி நஜீப் விஷயம்.

மாலத்தீவின் மீன்களை ஆராய வெளியாட்கள் போகத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1899-1900ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஸ்டான்லி கார்டினர் ஒரு குழுவோட போய் உயிரினங்களை மூட்டை மூட்டையா எடுத்து வந்தார். 1957-58ல் ஆஸ்திரிய முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸ், ஸாரிஃபா என்கிற தன் கப்பலில் வந்தார். மணலில் குழி தோண்டி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு தோட்டம் மாதிரி நிற்கிற ஒரு விலாங்கு அப்போது கிடைத்தது. 1959ல் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? இனத்துக்கு ஸாரிஃபானியா, கப்பல் பெயர். வகைக்கு 'ஹாஸ்ஸி', கப்பல்காரர் பெயர்! மாலத்தீவு விலாங்கின் பெயரில் மாலத்தீவு துளிகூட இல்லை. (இனப்பெயர் பிறகு மாறிப்போச்சு, ஹாஸ்ஸி இன்னும் இருக்கு.) 1993ல் நம்ம ராண்டாலும், மாலத்தீவில் பணியாற்றிய சார்லஸ் ஆண்டர்சனும் சேர்ந்து அந்நாட்டு மீன்களின் பெரிய பட்டியல் ஒண்ணு போட்டார்கள். ஏறக்குறைய 900 வகைகள். அருமையான வேலை, இன்னைக்கும் அதைப் புரட்டாமல் அங்கே யாரும் மீன் ஆராய்ச்சி பண்ண முடியாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. மீனையே நம்பி வாழ்கிற நாடு அது. சூரையைத் தூண்டிலில் பிடித்து, அவித்து, காயவைத்து, இலங்கைக்கும் நமக்கும் மாசிக்கருவாடு அனுப்பின கடல். மீன் தெரியாத மாலத்தீவுக்காரர் யார்? இருந்தும், ஒரு மீன் வகையை முறைப்படி அறிவித்தவர்கள் பட்டியலில் ஒரு மாலத்தீவுக்காரர் பெயர் முதல் முறையா வந்தது 2022ல், இந்த ரோஜா மீனுக்குத்தான். அங்கேயே மட்டும் வாழ்கிற உயிர்களைக்கூட எப்பவும் வெளிநாட்டு அறிஞர்கள்தான், உள்ளூர் ஆய்வாளர்களை அதிகம் சேர்த்துக்கொள்ளாமலே விவரித்து வந்தார்கள் என்று நஜீப் அப்போது சொன்னார். கோபமா சொல்லலை, உள்ளதைச் சொன்னார்.

திவேஹிச் சொல்லை அறிவியல் பெயராகக் கொண்ட முதல் சில உயிரினங்களில் இதுவும் ஒண்ணு. நம்ம கருத்த கத்தாளை 1793லேயே லத்தீனில் ஏறிவிட்டது, சொல் மட்டும். சொன்ன ஆள் ஏறலை. 229 வருஷம் கழித்து மாலத்தீவில் சொல்லும் ஏறியது, அந்த ஊர் ஆளும் ஏறினார். இந்த வித்தியாசத்துக்காகவே எனக்கு இந்தக் குட்டி மீனைப் பிடிக்கும்.

ரோஷாவும் நஜீப்பும் 2022ன் தொடக்கத்தில் அந்த அரை இருட்டு ஆழத்தில் சேர்ந்து இறங்கியபோது ரோஜா மீன் ஏராளமாய் இருந்தது. அது போக, இதுவரை யாரும் விவரிக்காதவையாக இருக்கலாம் என்று தோன்றிய எட்டு வகை மீன்களாவது அதே பயணத்தில் கண்ணில் பட்டிருக்கின்றன.